அதே மண்ணில் இருவர்

ஞானசிகாமணி இறந்தது தம்பானூர் ரயில் நிலையத்து ஆட்டோ ஸ்டாண்டில், சவாரிக்காக வரிசையில் காத்துக் கிடந்தபோது. முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பின. அவருடைய வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். தூங்குகிறார் என்று நினைத்து ஒருவன் இறங்கி வந்து தோளைத் தட்டினான். அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் பெட்டியும் பையுமாக அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது.

இதெல்லாம் அவர் மனைவி சுசீலாபாய்க்கு மற்ற டிரைவர்கள் சொல்லித்தான் தெரியும். எந்த நேரத்தில் உயிர் பிரிந்தது என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. அத்தனை ஜனங்களுக்கு நடுவில் ஒரு மனுஷன் யாருக்கும் தெரியாமல் போக முடியும் என்பதை அவள் அன்றுதான் அறிந்துகொண்டாள்.

இரண்டு பேருக்கும் சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கிறிஸ்தவக் கோயிலில் தமிழ் ஆராதனை. ஒரே மகன் சிபி. அப்பா இறக்கும்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிந்ததும் அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போனான். அங்கேயே ரேஷ்மி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். வாடகை வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் சுசீலாபாய் வீட்டைக் காலி செய்துவிட்டு, கழக்கூட்டத்தில் அம்மிணி என்பவர் நடத்தும் லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். சமையலறையை ஒட்டி அவளுக்கென்று ஒரு சின்ன அறை.

ஹாஸ்டல் நிறையப் பெண்கள். எல்லாரும் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். காலையில் புட்டும் கடலையும் அவசரமாகத் தின்றுவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் களைத்துப்போய் வந்து போனைப் பார்த்தபடியே சோறு தின்பார்கள். நல்ல பிள்ளைகள்தான். "ஆன்ட்டி, மீன்கறி சூப்பர்" என்பார்கள். ஆனால் கம்பெனி மாறினால் ஹாஸ்டலும் மாறிவிடும். முகம் பழகி, யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குத் தேங்காய் பிடிக்காது என்று மனதில் பதியும்போது அந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

பிள்ளைகளுக்கு அவள் ஆன்ட்டி. கேஸ் கொண்டுவருகிறவனுக்கும் மீன்காரிக்கும் சேச்சி. மகனுக்கு அம்மா. பெயர் சொல்லிக் கூப்பிட ஞானசிகாமணி ஒருவர்தான் இருந்தார். "சுசீலே" என்று நீட்டி இழுப்பார். அவர் போனபிறகு அந்தப் பெயரை அவள் காதால் கேட்டதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவளுக்கு ஓய்வு. இட்லியை அவித்து ஹாட்பாக்ஸில் மூடி வைத்துவிட்டு, பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போவாள். ஆராதனை முடிந்து மற்றவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது இவள் பின்பக்கம் கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கிவிடுவாள். சரிவான இடம். மேலே வரிசையாக, கிரானைட் பதித்த குடும்பக் கல்லறைகள். கீழே மதிலோரமாக மண் குழிகள். அதில் ஒன்று ஞானசிகாமணியுடையது. தலைமாட்டில் ஒரு சிமென்ட் சிலுவை, அதில் பெயர்.

பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்து அவரோடு பேசுவாள். செத்தவர்களிடம் பேசுவது வேதத்துக்கு ஒத்து வராது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முதலில் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். "ஆண்டவரே, நான் இவருகிட்ட ஜெபம் ஒண்ணும் பண்ணல்ல. சும்மா பேசத்தான் செய்யுதேன்." பிறகு, "இஞ்சேருங்க" என்று அவரைக் கூப்பிட்டுத் தொடங்குவாள். சிபி என்ன சொன்னான், ஹாஸ்டலில் மிக்ஸி எப்படிக் கெட்டுப்போனது, பஸ்ஸில் யாரைப் பார்த்தாள், முட்டுவலி எந்த மட்டில் இருக்கிறது. வாரம் முழுக்க வாய்க்குள் கிடந்த பேச்செல்லாம் அங்கேதான் வெளியே வரும். பேசி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டுச் சேலையைத் தட்டிவிட்டு எழுந்திருப்பாள். அடுத்த ஞாயிறு வரை அது போதும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கியபோது, ஆராதனை முடிவில் சபைச் செயலாளர் லிஜோ எழுந்து ஓர் அறிவிப்பு வாசித்தார். கல்லறைத் தோட்டத்தில் இனி இடம் இல்லை. புது இடம் வாங்கவும் வழி இல்லை. ஆகையால் குடும்பக் கல்லறை அல்லாத பழைய குழிகளைத் திறந்து, இருப்பதை எடுத்துப் பொதுக் குழியில் மரியாதையாகச் சேர்த்துவிட்டு, அந்த இடங்களைப் புதிய அடக்கங்களுக்குக் கொடுப்பதென்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. வீட்டார் விரும்பினால் வந்து பக்கத்தில் நிற்கலாம். இப்படிச் சொல்லிவிட்டுப் பெயர்களை வாசித்தார். அதில் ஞானசிகாமணியின் பெயர் நடுவில் எங்கேயோ வந்தது.

லிஜோ வாசலில் சுசீலாபாயைப் பார்த்து அருகில் வந்தார். அவளைவிட வயதில் மிகவும் சிறியவர்.

"ஆன்ட்டி, சங்கடம் தோணப்பிடாது கேட்டோ. வேற வழி இல்லாத்ததினாலதான்."

"எனக்குத் தெரியும் மக்களே. சாவுதவங்களுக்கு எடம் வேணும்லா" என்றாள்.

அன்று சாயங்காலம் சிபி வீடியோ காலில் வந்தபோது சொன்னாள். சிபி அங்கே புதிதாக ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்திருந்தான். எதைச் சொன்னாலும் வசனத்தோடு பதில் சொல்கிற பழக்கம் வந்திருந்தது.

"அம்மா, அப்பா அங்க இல்லம்மா. அது வெறும் மண்ணு. அப்பா கர்த்தர்கிட்ட இருக்காரு. நீங்க இதுக்குப் போய் ஏன் கவலப்படணும்?"

"எனக்கும் தெரியும்லா."

"தெரிஞ்சா பின்ன என்ன? நீங்க போகவே வேண்டாம். அவங்க பாத்துக்கிடுவாங்க."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இளவயதில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அவன் அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது, அறை முன்னைவிடச் சின்னதாகிவிட்டது போலிருந்தது. மகனுக்குத் துக்கம் இல்லையா, அல்லது துக்கப்படுவது விசுவாசக் குறைவு என்று யாராவது அவனுக்குச் சொல்லிவிட்டார்களா என்று அவளுக்கு விளங்கவில்லை.

குழியைத் திறக்கக் குறித்த நாள் ஒரு வியாழக்கிழமை. அம்மிணியிடம் காலையில் மட்டும் லீவு சொல்லிவிட்டுப் போனாள். போதகர் வந்து சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். வேறொரு வீட்டில் அடக்கம் இருந்ததால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். மற்றக் குழிகளின் ஆட்கள் யாரும் வரவில்லை. அவளும் குழி தோண்ட வந்த பால்பாண்டியும் மட்டும் நின்றார்கள். பால்பாண்டி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன். வேலை இல்லாத நாட்களில் கோயிலில் இந்த மாதிரி வேலைகளுக்குக் கூப்பிடுவார்கள்.

அவன் உடனே மண்வெட்டியை எடுக்கவில்லை. துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டே கேட்டான்.

"யம்மா, அய்யா எப்படி இருப்பாரு?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "எப்படின்னா?"

"ஆளு எப்படி? நெட்டையா, குட்டையா? கோவக்காரரா? தெரியாத ஆளைத் தொடுறதுக்கு ஒரு மாதிரியா இருக்கும் எனக்கு. அதான்."

இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான். சொன்னாள். குட்டையான ஆள். முன்வழுக்கை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். சாயா குடித்தால் கடைசி வாயை விட்டுவிடுவார், ஏன் என்று கேட்டால் அது கோப்பைக்கு என்பார். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. பால்பாண்டியும் சிரித்துக்கொண்டான். பிறகு குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினான்.

செம்மண். மேலே இறுகி, கீழே போகப் போக ஈரமாக இருந்தது. அவள் சிலுவைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மண்வெட்டிச் சத்தம் நின்று, அவன் கையால் தடவத் தொடங்கியதும் தெரிந்தது. வெகுநேரம் தடவினான்.

"யம்மா" என்றான். குரல் மாறியிருந்தது. "ஒண்ணும் பெரிசா இல்லம்மா."

திரும்பிப் பார்த்தாள். சவப்பெட்டி இருந்த இடத்தில் மண் கொஞ்சம் கறுத்திருந்தது. பெட்டியின் கைப்பிடிகள் இரண்டு, பச்சை பிடித்துக் கிடந்தன. சட்டைப் பொத்தான்கள். எலும்பு என்று சொல்ல, தொட்டால் உதிர்கிற சில துண்டுகள். கால்மாட்டில் மட்டும் வெள்ளை நைலான் சாக்ஸ் இரண்டும் அப்படியே இருந்தன. உள்ளே மண்.

உயிரோடு இருந்தவரை அவர் சாக்ஸ் போட்டதில்லை. ரப்பர் செருப்புத்தான். அடக்கத்தன்று ஆட்கள் கையுறையும் சாக்ஸும் மாட்டிவிட்டபோது, இதைப் பார்த்தால் எப்படிச் சிரிப்பார் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. கால்கள் போய்விட்டன, அவர் விரும்பாத சாக்ஸ் இருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை.

"இங்க உள்ள மண்ணு அப்படிம்மா" என்றான் பால்பாண்டி, தான் ஏதோ தவறு செய்துவிட்டது போல. "ஈரம் வேற. எல்லாத்தையும் எடுத்துக்கிடுது."

ஒரு வெள்ளைத் துணியில் இருந்ததை அள்ளிக் கட்டினான். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னே நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். மதிலின் மூலையில் சிமென்ட் தளத்தில் இரும்பு மூடி போட்ட பொதுக் குழி. மூடியைத் திறந்து துணியை இறக்கினான். மூடி திரும்ப விழுந்த சத்தம் அவள் பற்களில் கூசியது.

அடுத்த ஞாயிறு அந்த இரும்பு மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "இஞ்சேருங்க" என்று தொடங்கினாள். மேற்கொண்டு வரவில்லை. உள்ளே யார் யாரோ. அந்நியக் கூட்டத்துக்கு நடுவில் புருஷனைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் யார் திரும்புவார்கள்? வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஆராதனை முடிந்ததும் நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போக ஆரம்பித்தாள்.

பேச்சு உள்ளேயே தங்கியது. சமையலறையில் வேலை நடந்தது, கை பழக்கத்தில். உப்பு ஒரு நாள் கூடியது, ஒரு நாள் மறந்தது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தார்களோ என்னவோ.

மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்தபிறகு வேதத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். லெந்து நாட்கள் என்பதால் சுவிசேஷங்கள்தான். மகதலேனா மரியாள் விடியுமுன் ஆண்டவரின் கல்லறைக்கு வந்து, அது வெறுமையாக இருப்பதைப் பார்க்கிற இடத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறாள். ஆண்டவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று முன்னெல்லாம் அவசரமாக வாசிப்பாள். இப்போது அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். வெறுமையான கல்லறையைப் பார்த்ததும் மரியாள் சந்தோஷப்படவில்லை. அழுதாள். அவரை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று எதிரில் வந்தவரிடமெல்லாம் கேட்டாள். சொன்னால் நானே போய் எடுத்துக்கொள்வேன் என்றாள். செத்த உடலாவது கையில் இருக்கட்டும் என்று தவித்த பெண். உயிர்த்தெழுதல் நடந்து முடிந்துவிட்டது, அவளுக்குத்தான் தெரியாது. தெரியாதவள் அழுததில் என்ன குற்றம்?

சுசீலாபாய் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் பல நாள் அங்கேயே இருந்தாள். சிபியிடம் இதைச் சொல்லலாம் என்று நினைத்தாள். அவன் மிச்ச வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவான் என்று பயந்து சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு போதகர் விதையைப் பற்றிப் பிரசங்கித்தார். போடுகிற விதை வேறு, முளைக்கிற செடி வேறு. நாமும் அப்படி மாற்றப்படுவோம் என்றார். நன்றாகத்தான் பேசினார். அவளுடைய மனதில் ஒரு கேள்விதான் ஓடிற்று. விதைத்தவர் எங்கே விதைத்தோம் என்று ஞாபகம் வைத்திருப்பாரா? குழியில் பாதி, மண்ணில் பாதி, துணியில் கொஞ்சம் என்று சிதறிப்போன மனுஷனை அவர் எங்கிருந்து கூட்டிச் சேர்ப்பார்?

அன்றைக்கு ஜெபக் குறிப்பில் ஒரு பிள்ளையின் பெயர் வாசித்தார்கள். அலீனா. மூன்றாம் வகுப்பு. காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் நடந்து முடிந்திருந்தது. அம்மா பிந்து ஜவுளிக் கடையில் வேலை செய்கிறவள். அப்பா ஷாஜி ஷார்ஜாவில். அவன் வந்து, மகளை அடக்கம் செய்துவிட்டு, லீவு முடிந்து திரும்பிப் போயிருந்தான். சுசீலாபாய்க்கு அவர்களை முகம் தெரியும், பழக்கம் இல்லை.

உயிர்த்தெழுந்த ஞாயிறு வந்தது. விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை நடக்கும். எல்லாரும் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். போக வேண்டாம் என்றுதான் முதல் நாள் நினைத்திருந்தாள். விழிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தியும் கைப்பையில் ஏறிவிட்டது. ஹைவேயில் முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கியபோது பாட்டு தொடங்கியிருந்தது.

கால் தானாகக் கீழ் வரிசைக்கு இறங்கியது. அவருடைய சிலுவை இருந்த இடத்தில் புதுமண் மேடு. சின்ன மேடு. அதன்மேல் வாடிய பூமாலைகளும் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும். பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து பிந்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. தீக்குச்சி மேல் தீக்குச்சியாக உரசிக்கொண்டிருந்தாள்.

சுசீலாபாய் அவளருகில் குனிந்து முந்தானையை விரித்துக் காற்றை மறைத்தாள். சுடர் நின்றது.

"தாங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள் பிந்து நிமிராமல். கொஞ்சம் பொறுத்து, "ஆன்ட்டிக்க ஆரு இவிட?" என்று கேட்டாள்.

இதே இடம் என்று எப்படிச் சொல்வது? தன் பிள்ளையைப் படுக்க வைத்த குழி வேறொருவர் கிடந்து எழுந்த குழி என்று ஒரு தாய்க்கு இன்றைக்கா தெரிய வேண்டும்? "அந்தப் பக்கம்" என்று சும்மா கையைக் காட்டினாள்.

பிந்து அதைக் கவனிக்கவில்லை. மேட்டையே பார்த்தபடி பேசினாள். "இவளு தனிச்சு கெடந்ததே இல்ல ஆன்ட்டி. லைட்ட அணச்சா என் கையப் பிடிச்சுக்கிடணும். பாத்ரூம் போனாலும் வாசல்ல நான் நிக்கணும். இந்த இருட்டுல எப்பிடிக் கெடப்பா? அது ஒண்ணு மட்டும் எனக்குச் சகிக்க முடியல்ல."

பாட்டு முடிந்து போதகர் ஜெபிக்கத் தொடங்கியிருந்தார். சுசீலாபாய் தலை குனியவில்லை.

"மோளே" என்றாள் மெதுவாக. "நான் பொய் சொன்னேன். எனக்க ஆளும் இங்கதான் கெடந்தாரு. இதே எடத்துல. போன மாசம்தான் எடுத்தாங்க. எடுத்தாங்கன்னு பேரு, ஒரு பிடிதான் கெடச்சுது. மிச்சம் எல்லாம் இந்த மண்ணுலதான் இருக்கு. உன் பிள்ள தனியா கெடக்கல்ல."

பிந்து திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அந்த அரை வெளிச்சத்தில் தெரியவில்லை. எழுந்து, மேல் வரிசையில் நின்ற தன் அக்காவிடம் போய்விட்டாள்.

சுசீலாபாய் தன் மெழுகுவர்த்திகளை ஏற்றாமலே வெளியே வந்தாள். சபையார் கைகுலுக்கிக்கொண்டார்கள். முட்டை அப்பமும் சாயாவும் கொடுத்தார்கள். அவள் வாங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று கழக்கூட்டம் வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். ஈஸ்டர் என்று பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தார்கள். ஹாஸ்டல் வெறிச்சென்று கிடந்தது. தனக்கென்று சமைக்கத் தோன்றாமல் பழைய சோற்றில் மோர் விட்டுக் குடித்துவிட்டுப் படுத்தாள். உலகம் முழுக்கச் சந்தோஷ நாள். அந்த வருஷத்தில் அவள் மிகவும் தனித்துப்போன நாள் அதுதான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் பிந்துவைக் கோயிலில் காணவில்லை. மூன்றாவது ஞாயிறு, சுசீலாபாய் பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் பின்னாலிருந்து ஓடிவருகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"ஆன்ட்டி, நிக்கணே."

பிந்துதான். மூச்சு வாங்கியது. கண் உள்ளே போயிருந்தது. நேராகக் கேட்டாள்.

"அங்கிளுக்கு மலையாளம் அறியாமோ?"

சுசீலாபாய் விழித்தாள்.

"அலீனாவுக்குத் தமிழ் சரியா வராது ஆன்ட்டி. கோயில்ல பாட்டு மட்டும் பாடுவா. அர்த்தம் தெரியாது."

நடுரோடு என்றும் பாராமல் சுசீலாபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பானூர்ல வண்டி ஓட்டுன ஆளு மோளே. மலையாளம், ஹிந்தி, இங்கிலீஷ் எல்லாத்துலயும் பேரம் பேசுவாரு."

பிந்துவின் வாய் கோணிக்கொண்டு வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இரண்டு பேரும் திரும்பிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். வெயில் ஏறியிருந்தது. மதில் நிழலில் உட்கார்ந்து பிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கிள் பிள்ளைகளிடம் எப்படி? சுசீலாபாய் சொன்னாள். காலையில் பள்ளிக்கூடச் சவாரி உண்டு. குட்டிப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போவார். வழியெல்லாம் ஒரு குரங்கு ஆட்டோ ஓட்டப் படித்த கதை. ஒரு வருஷம் முழுக்க அந்தக் கதை முடியவே இல்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்காமல் பிள்ளைகள் அடம்பிடித்து டீச்சர் வந்து சத்தம் போட்டிருக்கிறார். அலீனாவைப் பற்றி பிந்து சொன்னாள். ஸ்கேல் வைத்துக் கோடு போடாமல் எதுவும் எழுதமாட்டாள். பல் விழுந்ததைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். இருட்டில் பயம் வந்தால் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லுவாள்.

மேலே ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஆன்ட்டி, ஒரு காரியம் கேக்கட்டே? மரிச்சவங்க சத்தியமா எழும்புவாங்களா? எல்லாரும் சொல்லுதாங்க. நீங்க சொல்லுங்க."

இதற்கு வசனம் இருக்கிறது. சுசீலாபாய்க்கு மனப்பாடமாகத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

"சில நாளு எனக்கு நல்லாத் தெரியும் மோளே. சோறு வடிக்கும்போ, வெறும் சோறு வடிக்கும்போ, சட்டுன்னு தெரியும், எழும்புவாருன்னு. சில நாளு ஒண்ணும் தெரியாது. தெரியாத நாள்ல கோயிலுக்குப் போவேன். விசுவாசப்பிரமாணம் சொல்லும்போ சரீரம் உயிர்த்தெழும்னு ஒரு வரி வரும்லா. அப்ப நான் வாயை மூடிக்கிடுவேன். எல்லாரும் சத்தமாச் சொல்லுவாங்க. அந்தச் சத்தத்துக்குள்ள நின்னுக்கிடுவேன். அடுத்த வாரம் அவங்கள்ல யாருக்காவது வாய் வராது. அப்ப நான் சொல்லுவேன்."

பிந்து தலையைச் சாய்த்து அவள் தோளில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. சுசீலாபாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முட்டு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்த உறவு நெடுநாள் நீடித்தது என்று சொன்னால் அது கதையாகிவிடும். மழைக்காலம் தொடங்குமுன் ஷாஜி, பிந்துவுக்கு விசா எடுத்து ஷார்ஜாவுக்குக் கூட்டிக்கொண்டான். மகள் இல்லாத வீட்டில் அவள் தனியே இருக்க வேண்டாம் என்று அவன் நினைத்தது நியாயம்தான். கிளம்பும் நாளுக்கு முந்தின ஞாயிறு வந்து மேட்டைத் தொட்டு நின்றாள். ஆன்ட்டி, மோளப் பாத்துக்கிடணும் என்றாள். பிறகு அவ்வப்போது போனில் ஒரு வரி வரும். நாளாக ஆக, அதுவும் குறைந்தது.

சுசீலாபாய் ஞாயிறுதோறும் திரும்பவும் கீழ் வரிசைக்கு இறங்கினாள். முதல் மழையில் மேடு அமர்ந்துபோயிற்று. பாசி படர்ந்தது. அவள் அங்கே போனாலும் முன்போல அதிகம் பேசுவதில்லை. நிற்பாள், கரைந்த மண்ணைக் கையால் கூட்டி ஒதுக்குவாள், போவாள். தனிமை தீர்ந்துபோனது என்று இல்லை. சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் பிள்ளைகள் போனில் சிரித்துப் பேசும்போது அது வந்து பக்கத்தில் உட்காரத்தான் செய்யும். ஆனால் எங்கே, எங்கே என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்த கேள்வி எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த மண்ணில் யார் எங்கே என்று பிரித்து எடுப்பது தன் வேலை இல்லை என்று தோன்றிவிட்டது.

ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள், ஞாயிறு அல்லாத நாளில், சிபி கூப்பிட்டான். வேலைக்கு நடுவில், யூனிஃபார்மோடு. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மக்களே, இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னைக்கு என் வார்டுல ஒரு ஆளு இறந்துட்டாரு. அப்பா வயசு இருக்கும். பக்கத்துல நான் மட்டும்தான் இருந்தேன்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அம்மா, அன்னைக்குக் குழியத் திறந்தாங்கல்லா. நீங்க மட்டும்தான நின்னீங்க."

"ஆமா."

"அப்பா எப்படி இருந்தாரு? நான் கேக்கவே இல்ல. சொல்லுங்கம்மா."

சுசீலாபாய் அடுப்பைக் குறைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அங்கே அவன் தோள்கள் குலுங்குவது திரையில் தெரிந்தது. அப்பா இறந்தபோதும் அழாத பையன். அவள் தடுக்கவில்லை, வசனம் சொல்லவில்லை. அழுது முடியட்டும் என்று போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

"மக்களே" என்றாள் கடைசியில். "நான் போனா எனக்குன்னு தனி எடம் ஒண்ணும் வாங்காண்டாம் கேட்டியா. எந்தக் குழி ஒழியுதோ அதுல போடச் சொல்லு."

சிபி தலையை மட்டும் ஆட்டினான். யாரோ படிக்கட்டில் இறங்கி வருகிற சத்தம் கேட்டு எழுந்து நின்றான். போகவில்லை, போனையும் வைக்கவில்லை. பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவளும் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தாள்.